பிழை திருத்தும் வழி கண்ட ரிச்சர்ட் ஹேமிங்

ஒருவர் ‘தமிழ்’ என்று எழுத நினைத்துத் ‘தமில்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் அந்தப் பிழையை உடனே கண்டுகொள்வார். ‘தமில்’ என்றொரு சொல் இல்லை. அதற்கு மிக அருகில் இருக்கும் சொல் ‘தமிழ்’தான். ஆகவே, எழுதியவரைக் கேட்காமலேயே பிழையைத் திருத்திப் படித்துவிடலாம். ஆனால், ‘மழை’ என்பதற்குப் பதிலாக ‘மலை’ என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? இரண்டுமே சரியான சொற்கள். தனியாக அந்தச் சொல்லை மட்டும் பார்ப்பவருக்குப் பிழை நேர்ந்ததே தெரியாது.

கணினிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அவை 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களாலேயே எல்லாத் தகவல்களையும் குறிக்கின்றன. ஓர் இடத்தில் 0 என்பது 1 ஆக மாறிவிட்டாலும் தகவலின் பொருள் மாறிவிடும். எண் தவறாகும், எழுத்து மாறும், படம் சிதையும். அப்படி நேரும் பிழையை இயந்திரமே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும் வழியை உலகிற்குக் காட்டியவர் ரிச்சர்ட் வெஸ்லி ஹேமிங் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்.

ஹேமிங் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். பொறியியலாளராக வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. ஆனால், அவர் கல்லூரியில் சேர வேண்டிய காலத்தில் அமெரிக்கா கடுமையான பொருளாதார மந்தநிலையில் சிக்கியிருந்தது. உதவித்தொகை இல்லாமல் மேற்படிப்பைத் தொடர முடியாத நிலை. சிகாகோ பல்கலைக்கழகம் மட்டுமே அவருக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தது. அங்கோ பொறியியல் துறையே இல்லை. எனவே, கிடைத்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டு கணிதம் பயின்றார். 1937இல் இளநிலைப் பட்டமும், 1939இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1942இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு வாண்டா லிட்டில் என்பவரை மணந்தார். விரும்பிய படிப்பு கிடைக்காமல் போனதைப் பிற்காலத்தில் அவர் ஓர் இழப்பாகக் கருதவில்லை. கணிதம் பயின்றதால்தான் பெரிய பணிகளில் ஈடுபட முடிந்தது என்பது அவருடைய எண்ணம்.

1945ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், ஹேமிங் நியூ மெக்ஸிகோ மாநிலத்திலுள்ள லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திற்கு அழைக்கப்பட்டார். அங்கே அணுகுண்டு மிக இரகசியமாக உருவாக்கப்பட்டு வந்தது. இயற்பியல் அறிஞர்கள் கொடுக்கும் சமன்பாடுகளைக் கணக்கிடும் இயந்திரங்களை இயங்க வைப்பது ஹேமிங்கின் வேலை. வாண்டாவும் அங்கே கணக்கிடும் பணியில் சேர்ந்தார்.

முதல் அணுகுண்டுச் சோதனைக்குச் சில நாள்களுக்கு முன்னர், ஒருவர் ஹேமிங்கிடம் ஒரு கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கும்படி கேட்டார். தமக்குக் கீழ் வேலை செய்பவரிடம் அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஹேமிங் முதலில் நினைத்தார். அது என்ன கணக்கு என்று விசாரித்தபோது அவர் திடுக்கிட்டார். குண்டு வெடிக்கும்போது பூமியின் வளிமண்டலம் முழுவதும் தீப்பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டா என்பதைக் காட்டும் கணக்கு அது. வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே உட்கார்ந்து சரிபார்த்தார். கணக்கில் தவறு இல்லை. ஆனால், அதில் பயன்படுத்தப்பட்ட சூத்திரங்கள் சரியானவையா என்று அவரால் உறுதி கூற முடியவில்லை. அந்தச் சோதனையால் வளிமண்டலத்திற்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. எனினும், அந்த அனுபவம் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. ஒரு கணக்கை நம்பி எத்தனை உயிர்கள் இருக்கக்கூடும் என்பதை அவர் அன்று நேரடியாக உணர்ந்தார்.

போர் முடிந்தபின், 1946இல் ஹேமிங் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொலைபேசித் துறையில் புகழ்பெற்றிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், அவருடைய வயதையொத்த இளம் அறிஞர்கள் பலர் இருந்தனர். தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் கிளாட் ஷேனனும் அவர்களுள் ஒருவர். சில காலம் ஹேமிங்கும் ஷேனனும் ஒரே அறையில் பணியாற்றினர்.

அக்காலக் கணினி இன்றைய கணினியைப் போன்றதன்று. ஹேமிங் பயன்படுத்திய கணினி, ரிலே எனப்படும் மின்காந்த விசைகளால் இயங்கியது. ஏறக்குறைய 9,000 ரிலேக்கள் ‘டக் டக்’ என்று ஒலியெழுப்பியபடி திறந்தும் மூடியும் கணக்கிடும். துளையிட்ட காகித நாடாக்களின் வழியாகவே கணக்குகள் அதற்குள் செலுத்தப்பட்டன. ரிலேக்கள் மிக நம்பகமானவைதாம். ஆயினும், அவை நாள்தோறும் பல இலட்சம் முறை இயங்கியதால், ஒரே நாளில் இரண்டு மூன்று பிழைகள் நேர்வது இயல்பாக இருந்தது. ஒரு தூசு இடையில் சிக்கினால்கூடப் போதும்.

நல்ல வேளையாக, அந்தக் கணினிக்குப் பிழையைக் கண்டறியும் திறன் இருந்தது. வார நாள்களில் பிழை ஏற்பட்டால் விளக்கு எரியும்; பணியாளர்கள் வந்து சரிசெய்வார்கள். வார இறுதியிலோ அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது பிழை ஏற்பட்டால், கணினி அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விடும்.

ஹேமிங்கிற்குக் கணினியைப் பயன்படுத்தக் கிடைத்த நேரம் வார இறுதிதான். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தம் கணக்குகளைக் கணினிக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். திங்கட்கிழமை விடையைப் பெற வந்தபோது ஒன்றும் இல்லை. இடையில் பிழை நேர்ந்ததால், கணினி அவருடைய கணக்கைக் கைவிட்டிருந்தது. மறுவாரமும் அதே கதைதான். நண்பர்களுக்கு விடை தருவதாக வாக்களித்திருந்த அவருக்கு எரிச்சல் பொங்கியது. யாராக இருந்தாலும் கணினியைத் திட்டிவிட்டு மூன்றாவது வாரமும் முயன்றிருப்பார்கள். ஹேமிங்கோ ஒரு கேள்வி கேட்டார். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்தால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதா? இடம் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. அங்கே 0 இருந்தால் 1 ஆக்க வேண்டும்; 1 இருந்தால் 0 ஆக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

பிழையைக் கண்டறிய அன்றே வழக்கத்தில் இருந்த ஒரு முறை, சரிபார்ப்பு இலக்கத்தைச் சேர்ப்பதாகும். அனுப்ப வேண்டிய இலக்கங்களில் 1 எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். மொத்தம் இரட்டைப்படையாக இருக்கும்படி இறுதியில் ஒரு 0 அல்லது 1 சேர்க்க வேண்டும். பெறுபவர் எண்ணிப் பார்க்கும்போது ஒற்றைப்படை வந்தால், வழியில் ஏதோ ஓர் இலக்கம் மாறிவிட்டது என்று பொருள். ஆனால், எது மாறியது என்று இம்முறையால் சொல்ல முடியாது.

ஒவ்வோர் இலக்கத்தையும் மும்முறை அனுப்புவது மற்றொரு வழி. மூன்றில் ஒன்று மாறினாலும், மற்ற இரண்டைக் கொண்டு உண்மையை அறியலாம். ஆனால், மூன்று மடங்கு நேரமும் செலவும் ஆகும். ஹேமிங் இதைவிடச் சிக்கனமான வழியைத் தேடினார்.

முதலில், இலக்கங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பார்த்தார். 16 இலக்கங்களை நான்கு வரிசைகளாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சரிபார்ப்பு இலக்கத்தைச் சேர்த்தால், ஒரு பிழை நேரும்போது ஒரு வரிசையிலும் ஒரு நிரலிலும் கணக்கு இடிக்கும். அவை இரண்டும் சந்திக்கும் இடமே பிழை உள்ள இடம். ஆனால், 16 இலக்கங்களைக் காக்க 8 சரிபார்ப்பு இலக்கங்கள் தேவைப்பட்டன. சதுரத்திற்குப் பதிலாக முக்கோணமாக அடுக்கினால் சற்றுக் குறைந்தது. பின்னொரு நாள் அதிகாலையில், அலுவலகத் தபால் வண்டியில் நியூயார்க் நகருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கனசதுரமாக அடுக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சிந்தனையைத் தொடர்ந்து விரித்துச் சென்றவர், இறுதியில் மிகச் சிக்கனமான அமைப்பைக் கண்டறிந்தார். அதுவே இன்று ‘ஹேமிங் குறியீடு’ என அழைக்கப்படுகிறது.

அதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் அறியலாம். நாம் அனுப்ப வேண்டிய தகவல் 1, 0, 1, 1 என்னும் நான்கு இலக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு இடங்களை வரைந்து, 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் இத்தகவலை முறையே எழுத வேண்டும். 1, 2, 4 ஆகிய இடங்கள் சரிபார்ப்பு இலக்கங்களுக்கு உரியவை. முதல் சரிபார்ப்பு 1, 3, 5, 7 ஆகிய இடங்களைக் கவனிக்கும். இரண்டாவது 2, 3, 6, 7 ஆகிய இடங்களைக் கவனிக்கும். மூன்றாவது 4, 5, 6, 7 ஆகிய இடங்களைக் கவனிக்கும். ஒவ்வொரு குழுவிலும் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி சரிபார்ப்பு இலக்கங்களை நிரப்பினால், அனுப்ப வேண்டிய தொடர் இப்படி அமையும்:

0 1 1 0 0 1 1

வழியில் ஆறாவது இலக்கம் மாறிவிட்டது என்று கொள்வோம். பெறுபவருக்குக் கிடைப்பது இது:

0 1 1 0 0 0 1

இப்போது மூன்று குழுக்களையும் சரிபார்ப்போம். முதல் குழுவில் இரண்டு 1கள் உள்ளன, அது சரி. இரண்டாவது குழுவில் மூன்று 1கள் உள்ளன, அது தவறு. மூன்றாவது குழுவில் ஒரே ஒரு 1 உள்ளது; அதுவும் தவறு. தவறிய குழுக்களின் சரிபார்ப்பு இலக்கங்கள் இருக்கும் இடங்கள் 2, 4. இவற்றைக் கூட்டினால் 6. பிழை ஆறாவது இடத்தில்தான் இருக்கிறது! அங்குள்ள 0 என்பதை 1 ஆக மாற்றிவிட்டால், அனுப்பிய தகவல் அப்படியே திரும்பக் கிடைத்துவிடும். எந்த இடத்தில் ஒரு பிழை நேர்ந்தாலும், சரிபார்ப்பு இலக்கமே மாறிப்போனாலும், இம்முறை அதன் இடத்தைச் சுட்டிக்காட்டும்.

இது எப்படி இயல்கிறது? மூன்று சரிபார்ப்புகள் ஒவ்வொன்றும் சரி அல்லது தவறு என்று இரண்டு விதமாக விடை தரலாம். ஆக மொத்தம் எட்டு விதமான விடைகள் உண்டு. அவற்றுள் ஏழு, ஏழு இடங்களைக் குறிக்கும். எஞ்சிய ஒன்று, பிழையே இல்லை என்பதைக் குறிக்கும். ஒரு விடைகூட வீணாவதில்லை. தகவல் நீளும்போது சிக்கனம் இன்னும் கூடுகிறது. 11 இலக்கங்களைக் காக்க 4 சரிபார்ப்பு இலக்கங்களும், 26 இலக்கங்களைக் காக்க 5 சரிபார்ப்பு இலக்கங்களும் போதும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே தொடரில் இரண்டு இலக்கங்கள் மாறினால், அது தவறான இடத்தைக் காட்டிவிடும். இதையும் ஹேமிங் அறிந்திருந்தார். எட்டாவதாக ஒரு சரிபார்ப்பு இலக்கத்தைச் சேர்த்தால், இரண்டு பிழைகள் நேர்ந்திருப்பதையேனும் கண்டறியலாம் என்று அவர் விளக்கினார்.

இரு தொடர்கள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்பதை அவற்றின் இடையிலுள்ள தொலைவாகக் கருதலாம் என்பது அவருடைய மற்றொரு முக்கியமான கருத்து. ‘மழை’, ‘மலை’ ஆகிய சொற்களுக்கு இடையே ஓர் எழுத்தின் தொலைவுதான் உண்டு. அதனால்தான் ஒன்று மற்றொன்றாக மாறும்போது நமக்குத் தெரிவதில்லை. ஹேமிங் குறியீட்டிலோ எந்த இரண்டு தொடர்களை எடுத்துக்கொண்டாலும் குறைந்தது மூன்று இடங்களில் வேறுபடும். ஆகவே, ஓர் இலக்கம் மாறினாலும் அந்தத் தொடர் தன் பழைய வடிவத்திற்கே மிக அருகில் நிற்கும். ‘தமில்’ என்பது ‘தமிழ்’ என்பதற்கு அருகில் நிற்பதைப் போல. இந்த அளவை இன்று ‘ஹேமிங் தொலைவு’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்தக் கண்டுபிடிப்பை உலகம் முழுமையாக அறிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. காப்புரிமை பெறும் வரையில் ஆய்வுக்கூடம் கட்டுரையை வெளியிட அனுமதிக்கவில்லை. இதற்கிடையில், 1948இல் வெளிவந்த ஷேனனின் புகழ்பெற்ற கட்டுரையில் ஏழு இலக்கக் குறியீடு ஹேமிங்கின் பெயரோடு எடுத்துக்காட்டப்பட்டது. 1949இல் மார்செல் கோலே என்னும் அறிஞர் அதை மேலும் வளர்த்துத் தம் குறியீட்டை வெளியிட்டார். ஹேமிங்கின் சொந்தக் கட்டுரை 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் வெளிவந்தது. கண்டுபிடித்தவரே கடைசியில் பேச வேண்டியதாயிற்று. இருந்தாலும், பிழை திருத்தும் குறியீடுகள் என்னும் புதிய துறைக்கு அந்தக் கட்டுரை அடித்தளமாக அமைந்தது. 1968இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது ஹேமிங்கிற்கு வழங்கப்பட்டது.

ஹேமிங் மற்றவர்களிடமும் கடினமான கேள்விகளைக் கேட்கத் தயங்காதவர். ஆய்வுக்கூட உணவகத்தில் வேதியியல் அறிஞர்களோடு அமர்ந்து உண்ணும்போது, அவர்களுடைய துறையில் மிக முக்கியமான சிக்கல்கள் எவை என்று கேட்பார். சில நாள்கள் கழித்து, அப்படியானால் அந்தச் சிக்கல்களை விட்டுவிட்டு வேறு எதையோ ஏன் ஆராய்கிறீர்கள் என்று கேட்பார். பலருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அதன்பின் அந்த மேசையில் அவருக்கு வரவேற்பும் இல்லை. ஆனால், ஒருவர் மட்டும் அதைப் பல மாதங்கள் சிந்தித்துவிட்டு, ஹேமிங்கிடம் வந்து நன்றி கூறினார். பின்னர் அவர் தம் துறையின் தலைவராகவும் உயர்ந்தார். தம்மையும் ஹேமிங் விட்டுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அன்றாட வேலைகளை ஒதுக்கிவிட்டு, பெரிய கேள்விகளைப் பற்றி மட்டுமே சிந்திப்பதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

30 ஆண்டுப் பணிக்குப் பிறகு, 1976இல் ஹேமிங் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து விலகி, கலிபோர்னியாவின் மான்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆய்வை நிறுத்திவிட்டுக் கற்பிப்பதிலும் நூல் எழுதுவதிலும் ஈடுபட்டார். கணிதம் சுவையற்ற முறையில் கற்பிக்கப்படுகிறது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. மாணவர்கள் விடைகளை மனனம் செய்வதைவிட, எதிர்காலத்தில் தாமாகவே கற்றுக்கொள்ளும் திறனைப் பெற வேண்டும் என்று அவர் விரும்பினார். 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை அவர் வகுப்பு நடத்தினார். 1998ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், தம் 82ஆவது வயதில் காலமானார்.

இன்று கணினிகளுக்கிடையே தகவல் பிழையின்றிச் செல்ல இரண்டு வழிகள் பெரிதும் துணைபுரிகின்றன. ஒன்று, பிழையைக் கண்டறிந்து, அதே தகவலை மீண்டும் அனுப்பச் செய்வது. இணையத்தில் பெரும்பாலும் இம்முறையே பயன்படுகிறது. ஆனால், எல்லா இடங்களிலும் மீண்டும் கேட்க முடியாது. 1989இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூன் கோளைக் கடந்தபோது, அது அனுப்பிய செய்தி ஒளியின் வேகத்தில் பயணம் செய்தும் பூமியை அடைய நான்கு மணி நேரத்திற்கும் மேலானது. தவறு வந்துவிட்டது, மீண்டும் அனுப்பு என்று சொல்லிவிட்டு விடைக்குக் காத்திருந்தால், எட்டு மணி நேரத்திற்கும் மேல் ஆகிவிடும். அதற்குள் விண்கலம் வெகுதூரம் சென்றுவிடும். அத்தகைய இடங்களில் உதவுவது இரண்டாவது வழி. பெறுபவரே பிழையைத் திருத்திக்கொள்ளும்படி தகவலை அமைத்து அனுப்பும் அந்த வழிக்கு முன்னோடி ஹேமிங்.

அவருக்குப் பின் வந்த இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் ஆகிய அறிஞர்கள் 1960இல் இன்னும் ஆற்றல்மிக்க குறியீட்டை உருவாக்கினர். வாயேஜர் அனுப்பிய நெப்டியூன் படங்களைக் காத்தது அக்குறியீடுதான். நாம் கைப்பேசியால் வருடும் கியூஆர் குறியீட்டின் ஒரு மூலை கிழிந்தோ அழுக்கடைந்தோ இருந்தாலும் அதைப் படிக்க முடிவதற்கும் அதுவே காரணம். பெரிய கணினிகளின் நினைவகங்களில் ஹேமிங் வகுத்த முறையை ஒட்டிய குறியீடுகள் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. யாரும் அருகில் இல்லாத வார இறுதிகளிலும், அவை பிழைகளைத் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு, வேலையைத் தொடர்கின்றன.

ஒரு திங்கட்கிழமை ஹேமிங் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. மறு திங்கட்கிழமையும் அப்படியே. அந்த ஏமாற்றத்தை அவர் ஒரு கேள்வியாக மாற்றினார். அக்கேள்விக்கு அவர் கண்ட விடையால், கணினிகளை நம்பி வேலையை ஒப்படைப்பவர்கள் இன்று வெறுங்கையோடு திரும்புவது அரிதாகிவிட்டது.